மூடியில் படமே இல்லாத ஜிக்சா பசில்: கொல்லிமலை வல்வில் ஓரியை நமக்கு மீட்டுக் கொடுத்த உ.வே.சா. யார்?

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளி அடிவாரத்தில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் செம்மேடு. கொல்லிமலைக்கு டூர் போனவர்கள் எல்லாரும் அங்கே வல்வில் ஓரி சிலை முன்னாடி ஒரு போட்டோ எடுத்திருப்பார்கள். ஆடி 17, 18-ல் அரசு விழாவே நடக்கிறது. கடையேழு வள்ளல்களில் ஒருவர், ஒரே அம்பில் யானையில் தொடங்கி உடும்பு வரை வீழ்த்தியவர் என்று சேந்தமங்கலம் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சரி, இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்?

ஓரியைப் பாடிய சங்கப் பாடல்களில் இருந்து தெரியும். ஆனால் 1880-ல் அந்தப் பாடல்களில் ஒன்றுகூட அச்சில் கிடையாது. பனையோலைகளில், யார் யார் வீட்டுப் பரணிலோ, மடங்களின் பெட்டிகளிலோ, கயிறு அறுந்து வரிசை குலைந்து கிடந்தன. அவற்றைத் தேடி எடுத்து, உடைந்ததை ஒட்டி, முன்னது எது பின்னது எது என்று கண்டுபிடித்து அச்சுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் உ.வே.சாமிநாதையர். எல்லாரும் தமிழ்த் தாத்தா என்று சொல்கிற அதே உ.வே.சா.

அவர் செய்த வேலையைப் புரிந்துகொள்ள இன்றைக்கு ஒரு எளிய வழி இருக்கிறது: ஜிக்சா பசில்.

ஜிக்சாவுக்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்?

1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர், உலக வரைபடத்தை மரப்பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகள் வழியாக அறுத்து விற்றார். பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லித்தர. ஜிக்சாவின் தொடக்கமாக இதைத்தான் சொல்கிறார்கள். இப்போது புத்தகப் பிரியர்களுக்கென்றே ஷேக்ஸ்பியர், ஜேன் ஆஸ்டின், டிக்கன்ஸ் கதை உலகங்களை 1,000 துண்டுகளாக வெட்டி பாக்ஸில் போட்டு விற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது.

அந்த விளையாட்டில் நமக்கு மூன்று வசதி உண்டு. மூடியில் முழுப் படம் இருக்கும். எல்லாத் துண்டும் அந்த ஒரு பாக்ஸிலேயே இருக்கும். வேறு பாக்ஸ் துண்டு எதுவும் கலந்திருக்காது.

உ.வே.சா-வுக்கு இந்த மூன்றுமே இல்லை.

உத்தமதானபுரத்துப் பையன்

1855 பிப்ரவரி 19-ல் பிறந்தார். சொந்த ஊர் பாபநாசம் பக்கம் உள்ள உத்தமதானபுரம். அப்பா வேங்கடசுப்பையர் சங்கீத வித்வான். பையனும் சங்கீதத்தில் பெரிய ஆளாக வர வேண்டும் என்பது வீட்டு ஆசை. பையனுக்கோ தமிழ்ப் பித்து. வைத்த பெயர் வேங்கடராமன், வீட்டில் கூப்பிடுவது சாமிநாதன். கடைசியில் சாமிநாதன்தான் நின்றது.

1871-ல் மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். 1876-ல் பிள்ளை இறக்கும் வரை கூடவே இருந்தார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம், தலபுராணம் என்று நூற்றுக்கணக்கில் படித்தார், மனப்பாடம் செய்தார். பிறகு திருவாவடுதுறை ஆதீனம். 1880 பிப்ரவரியில், ஓய்வுபெற்ற தியாகராச செட்டியாரின் சிபாரிசில், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழ் ஆசிரியர் வேலை கிடைத்தது. வயது 25. படிப்பும் உண்டு, வேலையும் உண்டு. அந்தக் காலத்து அளவுகோலில் வாழ்க்கை செட்டில் ஆகிவிட்டது.

எல்லாவற்றையும் மாற்றிய சேலத்துக்காரர்

அதே வருடம் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்தார் சேலம் இராமசாமி முதலியார். (அன்றைக்குச் சேந்தமங்கலமும் கொல்லிமலையும் சேலம் மாவட்டம்தான். நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997-ல்.) 1880 அக்டோபர் 21 அன்று உ.வே.சா. அவரை மரியாதை நிமித்தம் பார்க்கப் போனார்.

என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். உ.வே.சா. வரிசையாகப் பட்டியல் போட்டார். முதலியார் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. இவற்றால் என்ன பயன் என்கிற மாதிரி பேசிவிட்டு, சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை இவற்றைப் படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. படிப்பது இருக்கட்டும், ஐந்தாறு வருடம் தமிழே மூச்சாக இருந்தவருக்கு அந்தப் புத்தகங்கள் கைக்கே வந்ததில்லை.

அந்தக் கேள்வி உ.வே.சா-வைத் தூங்க விடவில்லை. முதலியார் தன்னிடம் இருந்த சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியையும் கொடுத்தார். எடுத்துப் படித்தால் பாதி புரியவில்லை. இது சமண நூல். சைவ மடத்தில் வளர்ந்த படிப்பில் சமணக் கருத்துகளுக்கு எங்கே இடம்?

விடை பக்கத்துத் தெருவில் இருந்தது. கும்பகோணத்தில் சமணக் குடும்பங்கள் இருந்தன. அவர்கள் வீட்டில் சிந்தாமணியைப் பூஜை மாதிரி வைத்து, கூட்டமாக உட்கார்ந்து வாசித்துக் கேட்கிற வழக்கமே இருந்தது. உ.வே.சா. அங்கே போய் மாணவர் மாதிரி சந்தேகம் கேட்டார். தமிழ்ப் பண்டிதர்களுக்குப் பிடிபடாதது அந்தக் குடும்பங்களுக்கு அன்றாடப் பேச்சாக இருந்தது.

ஓலையில் என்ன கஷ்டம்?

இந்த இடம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது.

பனை ஓலையில் எழுத்தாணியால் கீறி எழுதுவார்கள். இடம் மிச்சம் பண்ண, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட மாட்டார்கள். புள்ளி வைத்தால் ஓலை ஓட்டையாகிக் கிழியும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளியும் கிடையாது. ஓலையில் 'பல' என்று இருந்தால் அது 'பல'வா, 'பல்'லா? படிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வித்தியாசம் காட்ட மாட்டார்கள். அதனால் 'எரி'யும் 'ஏரி'யும் பார்க்க ஒன்றுதான். ஒன்று நெருப்பு, இன்னொன்று தண்ணீர்! பாட்டின் பொருளே தலைகீழாகிவிடும். துணைக்காலுக்கும் 'ர'வுக்கும்கூட வித்தியாசம் தெரியாது.

இது எழுத்து அளவில். ஏடு அளவில் பார்த்தால் இன்னும் மோசம். மூலம் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் ஒரே ஓட்டமாக எழுதியிருக்கும். கயிறு அறுந்த கட்டுகளில் ஒரு நூலின் ஏட்டோடு இன்னொரு நூலின் ஏடு கலந்திருக்கும். ஓரம் ஒடிந்து வரியின் தலையும் காலும் போயிருக்கும். பூச்சி அரித்த இடத்தில் எழுத்தே இருக்காது.

அதனால் ஒரே நூலுக்குப் பல ஊர்களில் இருந்து பல பிரதிகளைத் திரட்டி, வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். ஒன்றில் ஒடிந்தது இன்னொன்றில் முழுசாக இருக்கலாம். ஒன்றுக்கொன்று மாறுபட்டால் எது சரி என்று முடிவு செய்து, மற்றதை அடிக்குறிப்பில் பாடபேதமாகக் கொடுக்க வேண்டும். உ.வே.சா. இதைத்தான் செய்தார். பகலில் கல்லூரி, இரவில் விளக்கு வெளிச்சத்தில் ஏடு. அச்சுக்கூடம் சென்னையில். லீவு கிடைத்தால் ரயில்.

சீவகசிந்தாமணி 1887-ல் வெளிவந்தது. அதே வருடம் யாழ்ப்பாணத்து சி.வை.தாமோதரம் பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்தார். இந்த வேலையில் உ.வே.சா. தனி ஆள் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சைவர் ஒருவர் சமணக் காப்பியத்தைத் தூக்கிப் பிடிக்கலாமா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். பிழை கண்டுபிடித்துக் கண்டனப் பிரசுரம் அடித்தவர்களும் இருந்தார்கள். அவர் அடுத்த புத்தகத்துக்குப் போய்விட்டார்.

துண்டு எங்கே இருக்கும் என்று எப்படித் தெரிந்தது?

சிந்தாமணிக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர், நடுநடுவே பழைய பாடல் வரிகளை மேற்கோள் காட்டிக்கொண்டே போவார். எந்த நூல் என்று பல இடங்களில் சொல்லவே மாட்டார். இந்த வரிகள் எங்கிருந்து வந்தன என்று தேடப் போனதில்தான் வேறு நூல்கள் இருப்பதே உ.வே.சா-வுக்குத் தெரிந்தது. ஒரு பசிலை முடிக்கப் போனால் அதற்குள் பத்து பசில்களின் துண்டுகள் கிடக்கின்றன என்ற நிலைமை.

பத்துப்பாட்டு அப்படிக் கிளம்பிய தேடல். திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராக அலைந்தார். ஆழ்வார்திருநகரியில் லட்சுமண கவிராயர் வீட்டில் ஏடுகள் குவிந்து கிடந்தன. தேடித் தேடி அலுத்துப்போனதுதான் மிச்சம், வேண்டியது இல்லை. கடைசியில் கவிராயரின் மாமனார் வீட்டில் இருந்து பத்துப்பாட்டு ஏடு வந்து சேர்ந்தது.

அதிலும் ஒரு இடம் ஓட்டை. பத்துப்பாட்டில் கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு, மலைநிலத்துப் பூக்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும். மொத்தம் 99 பூ என்று கணக்கு. உ.வே.சா-வுக்குக் கிடைத்த பிரதிகளில் நடுவே சில பூக்களின் பெயர் உதிர்ந்து போயிருந்தது. தானாகக் கற்பனை பண்ணி நிரப்பியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அவர் நிரப்பவில்லை. தருமபுரம் ஆதீனத்துக்குப் போய், கட்டு கலைந்து கிடந்த ஒற்றை ஏடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அங்கே விடுபட்ட பூக்கள் கிடைத்தன. இந்தச் சம்பவத்தைப் பின்னாளில் 'உதிர்ந்த மலர்கள்' என்று ஒரு கட்டுரையாகவே எழுதினார். பி.ஏ. தமிழ் மாணவர்கள் அந்தப் பூப்பட்டியலை மூச்சு விடாமல் ஒப்பிப்பதற்குப் பின்னால் இந்த ஓலைக் குப்பை இருக்கிறது.

எல்லா ஊரிலும் இப்படி நல்லபடியாக முடியவில்லை. கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் நிறைய ஏடுகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டுப் போனார். பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் போட்டுவிட்டோம், சாஸ்திரம் அப்படித்தான் சொல்கிறது என்று பதில் வந்தது. வேறு ஓர் ஊரில் ஆடிப்பெருக்கன்று ஏடுகளை ஆற்றில் விட்டிருந்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. படிக்க ஆள் இல்லாத ஏட்டுக்குச் செய்த மரியாதை அது. அதே ஆடிப் பதினெட்டில்தான் இன்றைக்குக் கொல்லிமலையில் ஓரி விழா நடக்கிறது என்பது சும்மா தோன்றுகிற ஒரு யோசனை.

ஓரி எந்தெந்தத் துண்டுகளில் வந்தார்?

1889-ல் பத்துப்பாட்டு வெளிவந்தது. அதில் உள்ள சிறுபாணாற்றுப்படை ஏழு வள்ளல்களைச் சொல்கிறது. ஓரி கூத்தர்களுக்கு நாடு கொடுத்தவர், ஓரி என்ற குதிரை வைத்திருந்தவர், காரி என்பவரோடு போரிட்டவர் என்பது முதல் துண்டு. போர் எப்படி முடிந்தது? அதில் இல்லை.

1892-ல் சிலப்பதிகாரம். 1894-ல் புறநானூறு. ஓரியின் முகம் நமக்குத் தெரிவது இங்கேதான். 152-வது பாட்டில் வன்பரணர் ஒரு வேட்டைக்காட்சி சொல்கிறார். அம்பு யானையைச் சாய்த்து, புலி வாயைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய்ச் செருகுகிறது. வேட்டையாடுகிற ஆள் யார் என்று பாணர்களுக்குத் தெரியவில்லை, ஓரியாக இருக்குமோ என்று சந்தேகப்படுகிறார்கள். பாடிக் காட்டுகிறார்கள். அவர் வெட்கப்பட்டு, வேகவைத்த மான் இறைச்சியும் மலையில் கிடைத்த பொன்னும் கொடுத்து அனுப்புகிறார். 153-ம் அதே புலவர்: ஓரியிடம் பரிசு வாங்கிய கூட்டம் வயிறு நிறைந்துபோய் ஆடுவதையும் பாடுவதையும் மறந்துவிட்டதாம். 204-ல் கழைதின் யானையார் ஓரியிடம் சொல்வது டிஎன்பிஎஸ்சி படிக்கிறவர்களுக்குக்கூடத் தெரியும்: கேட்பது தாழ்வு, கேட்டு இல்லை என்பது அதைவிடத் தாழ்வு; கொடுப்பது உயர்வு, கொடுத்தும் வேண்டாம் என்பது அதைவிட உயர்வு.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. யாரை யார் பாடியது என்ற தகவல், பாட்டுக்கு அடியில் ஒரு சின்னக் குறிப்பாக ஏட்டில் இருக்கும். அந்த ஓரம் ஒடிந்திருந்தால் பெயர் போச்சு. புறநானூற்றின் பின்பகுதியில் பல பாடல்களுக்கு அப்படிப் போயிருக்கிறது. ஓரிக்கு அந்த ஓரம் தப்பித்தது.

மிச்சத் துண்டுகள் வேறு ஆட்கள் கையில் இருந்து வந்தன. நற்றிணையைப் பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் உரையெழுதிப் பதிப்பித்தார். 1915-ல் புத்தகம் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. அதில் 320-வது பாட்டு, ஓரியைக் கொன்ற காரி, ஓரியின் தெருவுக்குள் நுழைந்தபோது எழுந்த கூச்சலைச் சொல்கிறது. போரில் யார் ஜெயித்தார் என்பது இங்கேதான் தெரிகிறது. ரா.இராகவையங்கார் பதிப்பித்த அகநானூற்றில் 209-வது பாட்டு அடுத்ததைச் சொல்கிறது: முள்ளூர்க் காரி ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரருக்குக் கொடுத்துவிட்டார். குறுந்தொகையின் 100-வது பாட்டில் ஓரியோடு சேர்த்து கொல்லிப்பாவையின் பெயரும் வருகிறது. குறுந்தொகையை சௌரிப்பெருமாள் அரங்கன் 1915-ல் முதலில் வெளியிட்டார். உ.வே.சா. விரிவான ஆராய்ச்சிப் பதிப்பாகக் கொண்டுவந்தபோது வருடம் 1937, அவருக்கு வயது 82.

ஐந்து நூல்கள், நான்கு பதிப்பாசிரியர்கள். காரவள்ளியில் பஸ் ஏறுகிறவருக்கு ஓரி என்றால் ஒரே கதைதான். அது இத்தனை கட்டுகளில் இருந்து வந்து பொருந்திய கதை.

கிடைக்காததை என்ன செய்தார்?

இந்த வேலையில் பெரிய ஆபத்து, ஓட்டையை நாமே நிரப்பிவிடுவது. மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவருக்குச் செய்யுள் எழுதத் தெரியாதா என்ன? ஒரு வரி போயிருந்தால் அதே சந்தத்தில் ஒரு வரி போட்டு மூடியிருக்கலாம். அவர் புள்ளி வைத்துவிட்டுப் போனார். ஏட்டில் இல்லை என்றால் புத்தகத்திலும் வெற்றிடம்தான். பதிற்றுப்பத்தை 1904-ல் வெளியிட்டபோது முதல் பத்தும் கடைசிப் பத்தும் இல்லாமல் எட்டுப் பத்தாகவே வெளியிட்டார். 1918-ல் பரிபாடல். எழுபது பாட்டு இருந்ததாகச் சொல்லப்படும் நூலில் முழுசாகக் கிடைத்தவை 22 மட்டும்.

தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு கேட்டு வாங்கியதும் அவர் பாணி. மணிமேகலையைக் கையில் வைத்துக்கொண்டு அது எந்த மதத்து நூல் என்றே தெரியாமல் தவித்தார். அது பௌத்த நூல் என்று எடுத்துச் சொன்னவர் கும்பகோணம் கல்லூரியில் உடன் வேலை பார்த்த மளூர் ரங்காசாரியர். அவரிடம் பௌத்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, 1898-ல் புத்தகத்தைக் கொண்டுவந்தார்.

கடைசிக் காலம்

1903-ல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றல். 1906-ல் மகாமகோபாத்தியாயர் பட்டம். 1932-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கௌரவ டாக்டர் பட்டம். திருவல்லிக்கேணி பக்கம் இருந்த வீட்டுக்கு, வேலை வாங்கிக் கொடுத்த தியாகராச செட்டியார் நினைவாக 'தியாகராஜ விலாசம்' என்று பெயர் வைத்திருந்தார். அந்த வீடு 2012-ல் இடிக்கப்பட்டது. ஏடுகளை ஊர் ஊராகக் காப்பாற்றியவரின் வீட்டை ஊர் காப்பாற்றவில்லை.

1940-ல் ஆனந்த விகடனில் தன் வரலாற்றைத் தொடராக எழுத ஆரம்பித்தார். 1942-ல் ஜப்பான் குண்டு போடும் என்ற பயத்தில் சென்னையே காலியாகிக்கொண்டிருந்தது. 87 வயதில் அவரும் திருக்கழுக்குன்றத்துக்கு இடம் மாறினார். அந்த ஏப்ரல் 28-ம் தேதி அங்கேயே காலமானார். மணிமேகலைப் பதிப்புக் காலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்த 'என் சரித்திரம்' அப்படியே பாதியில் நிற்கிறது. மிச்ச நாற்பது வருடக் கதை அவர் கையால் எழுதப்படவில்லை.

அடுத்த வருடம் ருக்மிணி தேவி அருண்டேல் முயற்சியில் அவர் பெயரில் நூலகம் தொடங்கியது. இப்போது சென்னை பெசன்ட் நகரில் இருக்கிறது. 3,000-க்கும் மேற்பட்ட ஏட்டுச் சுவடிகளை அங்கே பாதுகாக்கிறார்கள்.

புறநானூற்றில் அவருக்குக் கிடைக்காத இரண்டு பாடல்கள் இன்று வரை யாருக்கும் கிடைக்கவில்லை. நூலகத்திலோ கடையிலோ எந்தப் பதிப்பை எடுத்துப் புரட்டினாலும் 266-க்கு அடுத்து வருவது 269-தான்.